31 வகை விதை, 4 சென்ட் கொல்லை: ஆடியில் எல்லாவற்றையும் போடலாமா?

பாபநாசம்_கொல்லை | ஜூலை 6

வணக்கம். தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டுக்குப் பின்னால் 4 சென்ட் கொல்லை. தெற்கு ஓரத்தில் இரண்டு தென்னை, வடக்கே மதில். மண் முழுக்கக் களி. காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் செருப்பைப் பிடித்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் வடமேற்கு மூலையில் நாலைந்து நாள் தண்ணீர் நிற்கும்.

போன மாதம் ஒரு விதைத் திருவிழாவுக்குப் போய்விட்டு 31 பொட்டலத்தோடு வந்தேன். கத்தரி 4 (வேலூர் முள்ளு, மணப்பாறை, வெள்ளை, பச்சை வரி), வெண்டை 3 (சிவப்பு, யானைத்தந்தம், பலகிளை), சுரை 3 (கும்பம், சட்டி, நீளம்), பீர்க்கு 2, புடலை 2, பாகல் 2, அவரை 4 (ஊதாக் கொடி, கோழி அவரை, சிறகவரை, மூக்குத்தி), நாட்டுத் தக்காளி 2, மிளகாய் 2 (அதில் ஒன்று ராமநாதபுரம் குண்டு), கொத்தவரை, முள்ளங்கி, பரங்கி, அப்புறம் கீரை 4.

போன வருடம் 14 வகை போட்டேன். ஆடிப்பெருக்கு அன்று காலையில் எல்லா விதையையும் ஒரே மூச்சில் ஊன்றினேன், வகைக்கு ஐந்து செடி. ஐந்து வெண்டைச் செடியில் ஒரு நாளைக்கு இரண்டு காய் வந்தது, அதை வைத்துக்கொண்டு என்ன சமைப்பது? சுரை ஐந்து கொடியும் பந்தலை மூடிவிட்டன, அடியில் பாகல் மூச்சுத் திணறிப் போனது. தக்காளி பூத்து நிற்கும்போது மழை பிடித்தது, ஒரே வாரத்தில் அத்தனையும் வாடிச் செத்துவிட்டன.

அம்மா, "நாலு காயை ஒழுங்காப் போடு, போதும்" என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒவ்வொரு பொட்டலத்தையும் கையில் கொடுத்தவர்கள் அது எந்த ஊர் விதை, எத்தனை வருடமாக வைத்திருக்கிறோம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். என் மகள் (இரண்டாம் வகுப்பு) எல்லாப் பொட்டலத்தின் மேலும் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

எல்லாவற்றையும் போட வழி இருக்கிறதா? வகைக்கு எத்தனை செடி? விதையும் எடுத்து வைக்க முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தாமிரபரணிக்கரை | ஜூலை 6

தம்பி, நான் அம்பாசமுத்திரம் பக்கம். எங்களுக்கும் பக்கத்தில் ஒரு பாபநாசம் உண்டு, அதனால் உங்கள் பெயரைப் பார்த்ததும் நம்ம ஊர்ப் பிள்ளையோ என்று நினைத்துவிட்டேன். எனக்கு வீட்டுக்குப் பின்னால் ஐந்தரை சென்ட். 11 வருடமாகக் காய்கறி வைக்கிறேன். போன வருடம் மட்டும் 37 வகை இருந்தது. ஆகவே முடியும். ஆனால் நீங்கள் போன வருடம் செய்த மாதிரி வகைக்கு ஐந்து, எல்லாம் ஒரே நாளில் என்றால் நிச்சயம் முடியாது.

முதலில் பொட்டலத்தை எண்ணாதீர்கள், காயை எண்ணுங்கள். பொட்டலம் 31, ஆனால் அடுப்பில் ஏறும்போது 13 காய்தான். மூன்று வெண்டையும் ஒரே குழம்புக்குப் போகப் போகிறவை. ஒரு வீட்டுக்கு வெண்டை எத்தனை செடி வேண்டும்? நான்கு பேர் இருந்தால் 24. மூன்றடி அகலம், 12 அடி நீளம் உள்ள பாத்தியில் இரண்டு வரிசை, அடிக்கு ஒரு செடி. அதை வகைக்கு எட்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காய்ப்பு ஏறிய பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தால் ஒரு பொரியலுக்குக் குறையாமல் வரும். சிவப்பும் பச்சையும் கலந்து வெட்டினால் என்ன குறைந்துவிடும்?

கத்தரியும் அப்படித்தான். நான்கு வகை, வகைக்கு மூன்று, மொத்தம் 12 செடி. பூச்சிக்குப் போவது போக மிச்சம் உங்களுக்கு. மிளகாய் வகைக்கு மூன்று போதும். சுரைக்கு ஒரு பந்தலுக்கு ஒரே கொடி. ஐந்து கொடி வைத்தால் தெருவுக்கே சுரைக்காய் கொடுக்க வேண்டியதுதான். சிறகவரையும் ஒன்றே ஒன்று. அதை ஊன்றுவதற்கு முந்தின இரவு தண்ணீரில் ஊற வையுங்கள், தோல் கல் மாதிரி இருக்கும்.

இப்போது காலம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது உண்மைதான், ஆனால் எல்லா விதைக்கும் சொன்னதில்லை. உங்கள் ஊரில் வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை பெய்யும். களிமண்ணில் அந்த மழையைத் தாங்காததை ஆடியில் போடவே கூடாது. நானாக இருந்தால் இந்த ஆடியில் 17 பொட்டலத்தைத்தான் பிரிப்பேன்: கத்தரி நாலும், வெண்டை மூன்றும், அவரை நாலும், புடலை இரண்டும், சுரையில் ஒன்று, பீர்க்கில் ஒன்று, கீரையில் இரண்டு. மீதி 14 காத்திருக்கட்டும். முள்ளங்கி, மிச்சக் கீரை எல்லாம் மழை ஓய்ந்து பனி இறங்கும்போது மார்கழியில். தக்காளிக்குக் கார்த்திகைக் கடைசியில் நாற்று விட்டு, மார்கழிக் கடைசியில் நடுங்கள். அந்தக் குளிரிலும் இளவெயிலிலும் வரும் தக்காளியைப் பார்த்தால் ஆடியில் போட இனி மனசே வராது. பாகல், பரங்கி, கொத்தவரை, மிச்சச் சுரை, பீர்க்கு எல்லாம் தை கடைசி, மாசிக்கு.

பந்தல் விஷயத்தில் ஒரு வழி சொல்கிறேன், இது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் பிடிபட்டது. சுரை, பீர்க்கு, புடலை இவை ஆடியில் ஊன்றினால் ஐம்பது அறுபது நாளில் காய்க்கத் தொடங்கி ஐப்பசியோடு ஓய்ந்துவிடும். கொடியவரையும் சிறகவரையும் அப்படி இல்லை. பகல் பொழுது குறையும் வரை பூக்கவே பூக்காது, இலையாகப் படர்ந்துகொண்டிருக்கும். ஐப்பசியில்தான் பூ எட்டிப் பார்க்கும், மாசி வரைக்கும் காய்க்கும். அதனால் இரண்டையும் ஆடியிலேயே ஊன்றிவிட்டு, அவரையைப் பந்தல் காலிலேயே நிறுத்தி வையுங்கள், மேலே ஏறினால் நுனியைக் கிள்ளுங்கள். பீர்க்கும் புடலையும் ஓய்ந்ததும் அந்தக் காய்ந்த கொடியை அறுத்துவிட்டு அவரையை மேலே விடுங்கள். ஒரே பந்தல், இரண்டு போகம். "அவரை பூக்கவில்லை" என்று புரட்டாசியில் பிடுங்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

பந்தலை வடக்கு மதிலை ஒட்டிப் போடுங்கள். புரட்டாசிக்குப் பிறகு வெயில் தெற்கே சாயும், நிழல் வடக்கே விழும். பந்தல் தெற்கில் இருந்தால் மழைக்காலத்தில் கிடைக்கிற கொஞ்ச வெயிலும் செடிக்குக் கிடைக்காது. தென்னை நிழல் விழுகிற இடத்தில் காய் வேண்டாம். கருணை, மஞ்சள், இஞ்சி வையுங்கள்.

களிமண்ணுக்கு மேட்டுப்பாத்தி. மூன்றடி அகலம், ஓரடி உயரம், நடுவில் ஆள் நடக்க வாய்க்கால், வாய்க்காலுக்கு வாட்டம் வடமேற்கு மூலையைப் பார்த்து. மக்கின சாணமும் கொஞ்சம் மணலும் சேர்த்துக் கொத்திப் போடுங்கள். உங்கள் ஊரில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லையே, பாத்தி மேலே நாலு விரல் கனத்துக்குப் பரப்பினால் மண் வெடிக்காது. அந்தத் தண்ணீர் நிற்கும் மூலையை நிரப்பிச் சரிசெய்யப் பணம் செலவழிக்காதீர்கள். அதில் சேம்பு வையுங்கள், ஓரத்தில் பொன்னாங்கண்ணி. ஈரத்தில் கொழிக்கிறவை அவை.

குண்டு மிளகாய் ராமநாதபுரத்தில் மானாவாரியாக வளர்ந்து பழகியது. கால் நனைந்தே நின்றால் அழுகிவிடும். அதை மட்டும் இருப்பதிலேயே உயரமான பாத்தியில் வையுங்கள், அல்லது பையில் வைத்து மழையில் திண்ணைக்குத் தூக்கிவிடுங்கள்.

கடைசியாக, பெயர்ப்பலகை. உங்கள் மகள் எழுதிய காகிதம் முதல் மழையில் போய்விடும். நாற்றில் நாலு கத்தரியும் கிட்டத்தட்ட ஒரே முகமாக இருக்கும் (ஊதாக் காய் வகைக்குத் தண்டில் பெரும்பாலும் ஊதாச் சாயல் தெரியும், அவ்வளவுதான்). நான் உடைந்த ஓட்டுத் துண்டில் பெயிண்டால் எழுதிப் பாத்தித் தலைமாட்டில் நட்டு வைக்கிறேன். பிள்ளையை அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

மொட்டைமாடி_கோவை | ஜூலை 7

வணக்கங்க. அக்கா சொன்னது தரைக்கு. நான் மாடியில் 60 பை வைத்திருக்கிறேன், என் அனுபவம் கொஞ்சம் வேறங்க. பையில் தண்ணீர் நிற்காது என்பதால் தக்காளி எனக்கு ஆடியிலேயே நன்றாக வருகிறது. உங்களிடம் மாடி இருந்தால் ஒரு பத்துப் பை அங்கே வையுங்கள், தக்காளியும் குண்டு மிளகாயும் அங்கே போகட்டும். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு.

இன்னொன்று பூச்சிங்க. பல வகை வைத்தால் பூச்சி ஒரேயடியாகப் பரவாது என்பது ஓரளவுக்கு உண்மை, ஆனால் நாலு கத்தரியையும் ஒரே பாத்தியில் வைத்தால் தண்டுத் துளைப்பானுக்கு அது ஒரே விருந்துதான். இரண்டு இடமாகப் பிரித்து வையுங்கள். கொழுந்து நுனி வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே வாடின இடத்துக்குக் கீழே ஒரு அங்குலம் சேர்த்து வெட்டி நெருப்பில் போடுங்கள். பத்து நாளைக்கு ஒருமுறை மாலையில் வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசல் கொஞ்சம் சேர்த்து அடித்தால் போதும். வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாக வலை மாதிரித் தெரிந்தால் மருந்து கிடையாதுங்க, வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ். பார்த்த உடனே பிடுங்கிவிடுங்கள். மனசு வராதுதான், ஆனால் ஒன்றைப் பார்த்துப் பாவப்பட்டால் 24-ம் போய்விடும்.

பாபநாசம்_கொல்லை | ஜூலை 7

அக்கா, இரண்டு தடவை படித்துவிட்டேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். சேம்பு யோசனையைக் கேட்டதும், "நான் இதைத்தானே சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றார். மாடி இருக்கிறது, தக்காளியில் ஒரு வகையை இப்போதே அங்கே போடுகிறேன்.

ஒரு சந்தேகம். சுரையையும் பீர்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டால் சுரை கசந்துவிடும் என்று எங்கள் ஊரில் சொல்கிறார்கள். உண்மையா? அப்புறம் விதை எடுப்பது பற்றி நீங்கள் சொல்லவில்லையே.

தாமிரபரணிக்கரை | ஜூலை 8

நேற்று கை வலித்துவிட்டது, அதனால்தான் நிறுத்தினேன். விதைதான் எனக்கு முக்கியம், அதைச் சொல்லாமல் இருப்பேனா?

சுரையும் பீர்க்கும் வேறு வேறு இனம். ஒன்றோடு ஒன்று சேரவே சேராது. ஆனால் கும்பச் சுரை, சட்டிச் சுரை, நீளச் சுரை மூன்றும் ஒரே இனம்தான். மூன்றையும் ஒன்றாக வைத்தால் காய் எல்லாம் அதனதன் வடிவில் அழகாகவே வரும், சாப்பிடலாம். உள்ளே இருக்கும் விதைதான் கலந்திருக்கும். அடுத்த வருடம் அதைப் போட்டால் கும்பமும் இல்லாமல் நீளமும் இல்லாமல் ஏதோ ஒன்று காய்க்கும். எனக்கு அப்படித்தான் ஒரு நல்ல வரிச் சுரை போனது. 4 வருடம் கையில் இருந்த விதை. தந்த பெரியம்மாவும் இப்போது இல்லை, திரும்பக் கேட்க ஆளில்லை. அதனால்தான் ஆடியில் ஒரே சுரை என்று சொன்னேன்.

பக்கத்து வீட்டுச் சுரை மகரந்தத்தையும் பூச்சிகள் கொண்டுவருமே, அதற்குக் கையால் சேர்க்க வேண்டும். சுரைப் பூ சாயங்காலம் விரியும். நாலு மணி வாக்கில் போய், அன்றைக்கு விரியப் போகிற வெள்ளை மொட்டுகளைப் பாருங்கள். பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருக்கும், ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். பெண் மொட்டு ஒன்று, அதே வகையில் ஆண் மொட்டு இரண்டு, மூன்றின் நுனியையும் நூலால் லேசாகக் கட்டுங்கள். இருட்டுகிற நேரத்தில் அவிழ்த்து, ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கிப் பெண் பூவின் நடுவில் தடவி, மறுபடி கட்டிவிடுங்கள். காம்பில் ஒரு சிவப்பு நூல் அடையாளத்துக்கு. அந்தக் காயை யாரும் பறிக்கக் கூடாது, வீட்டில் சொல்லி வையுங்கள். கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் விதை சலசலக்கும் வரை இருக்கட்டும். பரங்கிக்கும் இதே முறைதான், ஆனால் அது விடியற்காலையில் விரியும், அதனால் முந்தின மாலையே கட்டிவிட வேண்டும்.

அவரைக்கும் தக்காளிக்கும் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை, தனக்குள்ளேயே சேர்ந்துகொள்ளும். வெண்டைக்கும் கத்தரிக்கும் தேனீ வரும். நாளைக்கு விரியும் மொட்டுக்கு முந்தின மாலையே மெல்லிய துணிப் பை போட்டுக் கட்டிவிடுங்கள், காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு நூலைக் கட்டுங்கள். கத்தரி நன்றாக மஞ்சளாகிப் பழுத்த பிறகுதான் விதை. தக்காளி விதையை அதன் சாற்றிலேயே இரண்டு நாள் புளிக்க வைத்துக் கழுவி நிழலில் உலர்த்துங்கள்.

31-லும் இந்த வருடமே விதை எடுக்க நினைக்காதீர்கள். ஆறோ ஏழோ வகை எடுத்துக்கொள்ளுங்கள், வேறெங்கும் கிடைக்காது என்று தோன்றுவதை முதலில். மீதிப் பொட்டலத்தில் பாதி விதையை அப்படியே சாம்பல் கலந்து டப்பாவில் மூடி வையுங்கள்.

கசப்பு பற்றி ஒன்றே ஒன்று. சுரைக்காய் சில சமயம் கசக்கத்தான் செய்யும், பீர்க்கு பக்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும். வெட்டும்போது ஒரு சின்னத் துண்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிடுங்கள், உப்புப் போட்டுச் சரிசெய்யலாம் என்று நினைக்கவே கூடாது. அந்தக் கசப்பு நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. பிள்ளை இருக்கிற வீடு, அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

கீரைப்பாத்தி | ஜூலை 9

அக்காவின் விதைப் பதிவைச் சேமித்துக்கொண்டேன். எறும்பு பற்றி யாரும் சொல்லவில்லை. கீரை விதை தூவினால் பாதியை எறும்பு தூக்கிப் போய்விடும். நான் விதையோடு நாலு பங்கு மணலும், கொஞ்சம் அரிசி ரவையும் கலந்து தூவுகிறேன். எறும்பு ரவையை எடுத்துக்கொண்டு விதையை விட்டுவிடும். இரண்டு கீரையையும் ஒரே நாளில் தூவாமல் பத்து நாள் இடைவெளியில் அரைப் பாத்தி, அரைப் பாத்தியாகத் தூவுங்கள், வாரா வாரம் கட்டு கிடைக்கும்.

பாபநாசம்_கொல்லை | ஜனவரி 21

ஆறு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நோட்டில் எழுதி வைத்ததை அப்படியே சொல்கிறேன்.

ஆடியில் 17 பொட்டலம் போட்டேன். மூக்குத்தி அவரை முளைக்கவில்லை, மற்ற 16-ம் வந்தன. வெண்டை 24-ல் ஐந்து செடியை மஞ்சள் நரம்புக்காகப் பிடுங்கினேன். மீதி 19 செடி ஆவணிக் கடைசியிலிருந்து ஐப்பசி வரை கொடுத்தன, அந்த நாட்களில் வெண்டை காசு கொடுத்து வாங்கவே இல்லை. யானைத்தந்தம் ஒரு நாள் விட்டாலும் ஒரு முழத்துக்கு நீண்டுவிடுகிறது, ஆனால் முற்றவில்லை. கத்தரியில் வேலூர் முள்ளுதான் எங்கள் வீட்டுக்குப் பிடித்தது. எண்ணெய்க் கத்தரிக்காய் செய்த அன்று அப்பா எதுவும் பேசாமல் இரண்டாம் தடவை சோறு கேட்டார். வெள்ளைக் கத்தரி கார்த்திகை மழையில் வேரழுகிப் போய்விட்டது. அது இருந்த பாத்தியின் ஒரு முனை தாழ்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

சட்டிச் சுரை ஒரே கொடி, 22 காய். சிவப்பு நூல் கட்டிய ஒன்று இப்போது பரணில் காய்ந்துகொண்டிருக்கிறது. அக்கா, ஒரு நாள் சாயங்காலம் நான் வேலையிலிருந்து வரத் தாமதமாகிவிட்டது. மகளே டார்ச் அடித்துக்கொண்டு அம்மாவை அழைத்துப் போய்ப் பூவைத் தடவிக் கட்டியிருக்கிறாள். அந்தப் பூதான் காயாகப் பிடித்தது.

அவரை விஷயத்தில் நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் நானும் பிடுங்கியிருப்பேன். புரட்டாசி முழுக்க ஒரு பூ இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் மலட்டுக் கொடி என்றே சொல்லிவிட்டார். ஐப்பசி 20-க்கு மேல் ஊதாவும் சிறகவரையும் பூத்தன. சிறகவரைப் பூ அந்த வெளிர் நீலத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பொங்கலன்று ஏழு கறிக் கூட்டுக்கு ஆறு காய் எங்கள் கொல்லையிலிருந்து. சேம்பும் அந்த மூலையில் எடுத்ததுதான். வாழைக்காய் மட்டும் வாங்கினோம்.

தக்காளி நாற்று நட்டு பத்து நாளாகிறது. முள்ளங்கி கிழங்கு பிடித்துவிட்டது. மாசிக்கு இன்னும் 8 பொட்டலம் இருக்கிறது. இப்போது ஒரு கேள்வி: சிறகவரையில் விதைக்கு எந்தக் காயை விடுவது, கீழே உள்ளதா, மேலே உள்ளதா?

தாமிரபரணிக்கரை | ஜனவரி 22

தம்பி, படிக்கப் படிக்க எனக்குத்தான் சந்தோஷம். பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

நன்றாகக் காய்க்கிற கொடியில் முதலில் பிடித்த காய்களில், நேராக, முழு நீளத்துக்கு இருக்கும் ஆறேழை விட்டுவிடுங்கள். இனி பிடிக்கிறதைச் சமையலுக்குப் பறித்துக்கொள்ளுங்கள். காய் பழுப்பேறிக் கொடியிலேயே காய வேண்டும், ஆனால் வெடிக்கும் வரை விடாதீர்கள், விதை தெறித்துவிடும்.

மூக்குத்தி அவரை முளைக்காததற்குக் கவலைப்படாதீர்கள். அதன் தோலும் கெட்டி, உரசிவிட்டு ஊற வைக்க வேண்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பெயரில்தான் அவரை, அது அவரைக் குடும்பமே இல்லை. என்னிடம் விதை இருக்கிறது, தனிச்செய்தியில் முகவரி அனுப்புங்கள். இப்போது எங்கள் வீட்டில் சிறுகிழங்கு தோண்டுகிறோம், அதிலும் விதைக் கிழங்கு ஒரு கைப்பிடி சேர்த்து வைக்கிறேன். நாற்றங்காலில் முளைக்கவிட்டு, அதன் கொடியை வெட்டி ஆடியில் மேட்டில் நடுங்கள், மணல் கூடுதலாகக் கலந்து.